யாருக்குக் கேட்கிறது?

மோதி நசுங்கிய கார் கதவைத் தட்டித் தட்டிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அவர் பிழைப்பு. பட்டறையில் எல்லோருக்கும் அவர் டிங்கர் அண்ணன். காலமெல்லாம் தகட்டில் சுத்தியல் போட்டதற்குக் கூலியோடு சேர்த்து இன்னொன்றும் கிடைத்தது. இரண்டு காதிலும் ஓயாத ஒரு 'ஙொய்'. டாக்டர் பார்த்துவிட்டு, "இது போகாது, பழகிக்கணும்" என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன? தூக்கம் போனது. அதன் பின்னாலேயே பொறுமையும் போனது. வீட்டில் எதைச் சொன்னாலும் பாதிதான் காதில் விழும். மீதியைத் தன் கோபத்தால் நிரப்பிக்கொண்டு எகிறுவார்.

ஒருநாள் சாப்பிடும்போது, "வாயைத் திறந்து பேசித் தொலையேன்!" என்று கத்தினார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க பாருங்க. தையல் கடை மாடியில தியானம் சொல்லித் தர்றாங்க. வர்றீங்களா, இல்ல நான் தங்கச்சி வீட்டோட போயிரவா?"

"மிரட்டுறியா?"

"ஆமா. அவகிட்டச் சொல்லியும் வச்சாச்சு."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மாடியில் சொல்லித் தந்தவர் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், இவரைவிட வயதில் சின்னவர். "கண்ணை மூடி அமைதியைக் கேளுங்க" என்றார். டிங்கருக்கு ஏது அமைதி? கண்ணை மூடியதும் பட்டறையே காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. துணைக்கு வந்த மனைவி சுவரில் சாய்ந்து குறட்டை விட்டாள். படியிறங்கும்போது, "எனக்கு நல்லா ஆழமாப் போச்சுங்க" என்றாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்க."

ஆள் ரோஷக்காரர். காதுச் சத்தத்தை அடக்கியே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தார். அடக்க அடக்க அது ஏறியது. கடைசியில் நர்ஸம்மாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினார்.

"நீங்க சொல்றது எனக்கு ஆகாதும்மா. காதுக்குள்ள ஊளை விடுது."

"சரிண்ணே. அது யாருக்குக் கேக்குது?"

"யாருக்கா? எனக்குத்தான்! எதிர்வீட்டுக்காரனுக்கா கேக்கும்?"

"அந்த எனக்குங்கிறது யாருன்னு கொஞ்சம் பாருங்களேன். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் பிடிபடல."

நக்கலடிக்கிறார் என்று நினைத்து முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார். ஆனால் கேள்வி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் பட்டறையில் ஒரு மட்கார்டில் அவசரப்பட்டு அடி கூடிவிட்டது. அடி கூடினால் தகடு இழுபட்டுப் புடைத்துக்கொள்ளும். இங்கே அமுக்கினால் அங்கே 'டொப்' என்று எழும்பும். வேலைக்கு வந்த புதிதில் செய்கிற தப்பு. சுத்தியலைப் போட்டுவிட்டு உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்தார். கண் தானாக மூடியது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கை தேடியபோதும் காது ஊளையிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதை அவர் அடிக்கப் போகவில்லை. 'மாடியிலயும் இதைத்தானே செஞ்சேன்? அடிச்சு அடிச்சுப் புடைக்க வச்சிருக்கேன்' என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை மாடியில் சத்தத்தை அதன் போக்கில் விட்டுவிட்டார். இரைகிறதா, இரையட்டும். எரிச்சல் வருகிறதா, வரட்டும். அந்த எரிச்சல் யாருக்கு? எனக்கு. அந்த நான் எங்கே இருக்கிறேன்? தகட்டைத் தடவுவதுபோல உள்ளே தடவிப் பார்த்தார். நெஞ்சில் ஓர் இறுக்கம் தட்டுப்பட்டது. அதையும் ஏதோ ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது. அது எது என்று தேடினால் பிடி கிடைக்கவில்லை. இரைச்சல் இருந்தது, இரைச்சலால் அவதிப்படுகிற ஆளைத்தான் காணோம். 'அட, கிடைச்சிருச்சுடா!' என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் அந்த ஆள் திரும்பி வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டான். இருந்தாலும் கண்ணைத் திறந்தபோது இமை நனைந்திருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

அதன் பிறகு உட்காராத நாளில்லை. பல நாள் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். சில நாள் அந்த ஆள் கொஞ்ச நேரம் வெளியே போய்வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். வழக்கம்போல் பாதிதான் விழுந்தது. வழக்கம்போல் கோபமும் கிளம்பியது. ஆனால் கிளம்புவது யார் என்று திரும்பிப் பார்க்க இப்போது இடமிருந்தது. குழாயை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"காதுல விழல. இன்னொரு தடவை சொல்லு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் எப்ப வருவேன்னு தங்கச்சி போன்ல கேட்டா. வரலைன்னுட்டேன்."

"ஏன்?"

"அங்க அவ புருஷன் வாயே திறக்கிறதில்லையாம். அதுக்கு நீங்க கத்துறதே மேல்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நன்றி சொல்லி வாய்க்குப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னைக்கு நீ மிரட்டினியே, அது பெரிய உபகாரம்."

"என்னது? கேக்கல."

அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அது தெரிந்தும் அவர் இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் உரக்கவே.