கொலுக் குளத்துத் தட்டான்

கொலுப் படிகளுக்குக் கீழே பார்க் கட்டுவது எங்கள் மயிலாப்பூர் வீட்டில் என் பொறுப்பு. தொண்ணூறுகளின் நடுவில், விலங்கியல் படிக்கிறோம் என்ற திமிரில், அந்தப் பார்க்கின் குளத்தில் நிஜத் தண்ணீர் விட்டேன். கல்லூரித் தோட்டத்துத் தொட்டியிலிருந்து பாசியோடு மொண்டு வந்தது. கொசு வந்துவிடும் என்று அம்மா முணுமுணுத்தாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: தண்ணீருக்குள் ஒரு தட்டான் புழு. பார்க்க அழுக்கு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். கொசுப் புழுக்களைப் பிடித்துத் தின்னும். சிறகு முளைக்கும்வரை தட்டானுக்குத் தண்ணீர்தான் வீடு என்று அம்மாவுக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

நவராத்திரி நடுவில் புழு தின்பதை நிறுத்தியது. முதுகில் சிறகு மொட்டுகள் புடைத்திருந்தன. வெளியே வரப்போகிறது என்று அர்த்தம். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான், வீட்டில் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்திருந்த எதிர்வீட்டு மாமி, பாட்டைப் பாதியில் நிறுத்திக் காலை இழுத்துக்கொண்டாள்.

“ஐயய்யோ, கரப்பான்!”

குளக்கரைப் போலீஸ்காரப் பொம்மையின் தொந்தியில் புழு ஏறியிருந்தது. முதுகு பிளந்து, வெளிறிய தட்டான் பாதி வெளியே வந்திருந்தது. சிறகு விரிந்து காயும்வரை அதைத் தொடக்கூடாது. எனக்குத் தெரியும்.

“என்னடி இது? எந்தத் தண்ணியக் கொண்டுவந்து கொலுவுல வெச்சிருக்கே?” என்றாள் அம்மா. மாமிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காது மடல் எரிய, கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா பித்தளைக் குண்டானைக் கொண்டுவந்து பொம்மையோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டுச் சுண்டல் கொடுக்கப் போனாள்.

எல்லோரும் போனபின் குண்டானைத் தூக்கினோம். தட்டான் கீழே விழுந்து கிடந்தது. சிறகுகள் கசங்கியபடியே காய்ந்திருந்தன.

“சரியாயிடுமோடி?”

“ஆகாதும்மா.”

அம்மா குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வருஷம், தண்ணீர் வேண்டாம், கண்ணாடி போதும் என்றாள். மறுபேச்சில்லாமல் பழைய முகக்கண்ணாடியைக் குளமாகப் படுக்கவைத்தேன். அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. கோயில் குளம் வறண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மழைத் தண்ணீர் தேங்கும் காலி மனைகளில் ஃப்ளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. தெருவில் மட்டும் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றின. ஒரு மத்தியானம் அவற்றில் ஒன்று வாசல் வழியாக உள்ளே வந்து, கண்ணாடிமேல் தாழ்ந்து, வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழுந்தது.

“பாரேன், அழகு பாத்துக்கறது” என்று அம்மா சிரித்தாள்.

இந்தத் தடவை சொன்னேன். “இல்லம்மா. தண்ணின்னு நெனச்சுண்டு முட்டை போடறது.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடிமேல் ஊற்றினாள். அது நாலாபக்கமும் வழிந்து பார்க் மணலுக்குள் போயிற்று.

“இது போறுமாடி?”

போதாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.