கொட்டாவி விட்ட மாடுபிடிக்காரர்

அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் வருடாவருடம் என் பக்கத்தில் ஒருவர் நின்று மாடு பிடிப்பார். கட்டையான ஆள். காதோரம் கொம்பு கீறிய தழும்பு. வாடிவாசல் திறக்கும் முன் வாய்நிறையக் கொட்டாவி விடுவார்.

“தூக்கமாண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பயம் மாப்ள. எனக்கு அது இப்படித்தான் வரும். வந்தாத்தான் காலு ஓடும்.”

பிறகு வந்த ஒரு பொங்கலில் அவருக்குக் கொட்டாவி வரவில்லை. வாயைத் திறந்து திறந்து பார்த்தார். பிறகு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

“வாரேன் மாப்ள. இன்னைக்குப் பயம் வரல. நின்னா குத்துப்பட்டுச் செத்துருவேன்.”

“பயந்தாங்கொள்ளி!” என்று கூட்டம் கத்தியது. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது வாடி திறக்கும் முன் நானும் வாயைத் திறந்து பார்க்கிறேன். கொட்டாவி வருவதில்லை. எனக்கு வயிறுதான் கலக்குகிறது. அதனால் நிற்கிறேன்.