ஓரத்திலிருந்து இரண்டு விரல்

அண்ணன் எப்போது போவான் என்று ஆசையோடு காத்திருந்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அவன் போனால் சைக்கிள் எனக்கு. எட்டு வயதில் அதைவிடப் பெரிய காரியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கத்தார் கேட்டு வந்துகொண்டிருந்த காலம் அது. அண்ணனுக்குப் பதினாறு முடிந்திருந்தது. வாவியைக் கடந்து, பட்டணத்தில் இருந்த மாமா வீட்டில் அவனைச் சேர்த்துவிடுவதென்று அப்பா முடிவெடுத்த வாரம் பார்த்துத்தானா எங்கள் பைபர் தோணி மரக்கட்டையில் மோதிப் பக்கம் கிழிய வேண்டும்! ஒட்டுவதற்கு வேண்டிய ரெசினை எங்கள் கரைக்குக் கொண்டுவர ராணுவம் விடாது. இரவல் தோணி கேட்டால் எதற்கென்று கேட்பார்கள்.

ஆகவே அப்பா, கரையில் உடைந்து கிடந்த வேறொரு தோணியிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுத்து, கிழிசலின் மேல் வைத்து, விளிம்பை ஒட்டிச் சுற்றிவரத் துளை போட்டு, போல்ட்டும் நட்டும் கொண்டு இறுக்கினார். நீர் கசியாமல் இடையில் வைக்க ரப்பர் வேண்டுமென்று சைக்கிளின் ரியூப்பை வெட்டினார். நான் அழுத அழுகைக்கு அண்ணன்தான் சமாதானம் சொன்னான். தையல் மெசினை விட்டு எழுந்து வந்த அம்மா, துண்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் நண்டு கழுவப் போய்விட்டாள்.

வாவியில் இறக்கி நாலு துடுப்பு வலிப்பதற்குள் போல்ட்டுகள் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. அடுத்த நாள் பெரிய போல்ட்டுகள் போட்டார், பெரிதாகவே பிய்ந்தது. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்; துளையைச் சுற்றி நொறுங்கிப்போனது. அப்பா தோணியைத் திட்டினார், பிறகு தோணி செய்தவனைத் திட்டினார். அம்மாவோ மூன்று நாளும் அண்ணனுக்கு நண்டுக்கறியும் புட்டும் ஆக்கிப்போட்டு, அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

நாலாம் நாள் காலையில், மூன்று வீடு தள்ளி ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடைய தாய் அலறிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அம்மா மெசினை நிறுத்திவிட்டு நேரே தோணிக்கு வந்தாள்.

“விளிம்போட விளிம்பா ஆரும் தையல் போடுவாங்களா? இதுவும் துணிதானே, பிய்ஞ்ச இடத்தில நூல் தெரியுது பாருங்க. துண்டப் பெரிசா வெட்டி, ஓரத்தில இருந்து ரெண்டு விரல் உள்ளுக்குத் தள்ளித் துளை போடுங்க. நட்டுக்கு அடியில அகலமாத் தகடு வைங்க. கண்டபடி இறுக்காதீங்க.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். சொன்னபடியே செய்தார். மத்தியானத்துக்குள் தோணி வாவியில் நின்றது; ஒரு சொட்டு நீர் ஏறவில்லை. இறால் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் போனான். தோணி கண்ணுக்கு மறைந்த பிறகும் அம்மா கரையில் நின்றாள்.

எனக்கோ கோபம். “இத ஏன் முதல் நாளே சொல்லல்லம்மா? மூணு நாள் வீணாப்போச்சே!”

“இப்பதான் புள்ள கண்ணுல பட்டது” என்றாள்.

நம்பிவிட்டேன். வீணாய்ப்போனதாக நான் சொன்ன அந்த மூன்று நாளும் அவள் தன் மகனைத் தன்னிடம் பிடித்து வைத்திருந்த நாள்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பாவம், அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்து, மெசின் ஊசிக்கு இனி நானே நூல் கோத்துத் தருகிறேன் என்றேன். பார்க்காமலே நூல் கோக்கக்கூடியவள், வேண்டாமென்று சொல்லவில்லை. நூலை என்னிடம் நீட்டினாள்.