நூற்றுக்கு இருபத்தாறு

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. விதை விற்கும் கம்பெனி அது. ஈரத்தாளில் நூறு நூறாக விதையைப் பரப்பி, கதகதப்பான அலமாரிக்குள் வைத்து, ஐந்தாம் நாளும் பதினாலாம் நாளும் முளைத்ததை எண்ணுவது எங்கள் வேலை. நான் எண்ணினால் இரண்டு மூன்று தவறும். அவர் எண்ணினால் தவறாது. வேர் விட்டு இலை விடாதது, விதை ஓட்டைத் தலையிலிருந்து உதற முடியாமல் திணறுவது, அழுகிப்போனது என்று இடுக்கியால் தனித்தனியே ஒதுக்குவார். "முளைச்ச மாதிரி தெரியறது வேற, முளைச்சது வேற" என்பார். இருபத்திரண்டு வருஷம் அந்த மேசையில் இருந்தவர். அதில் பதினோரு வருஷம் நான் பக்கத்து நாற்காலி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அவர்தான். சிடுசிடுவென்று இருக்கிற முகம், தங்கை பேச்சு வந்தால் மட்டும் இளகும்.

ஒரு வருஷம் தக்காளி விதை ஒரு லாட், ஒரே நம்பர் போட்ட தொகுதி, வந்தது. கிடங்கில் கிடந்த பழைய விதையைப் புதுசோடு கலந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அலமாரியைத் திறந்தால் தாள் போட்டது போட்டபடி கிடந்தது. பதினாலாம் நாள் எண்ணினார். நூற்றுக்கு இருபத்தாறு. மனசு கேட்காமல் மறுபடியும் பரப்பிப் பார்த்தார். இந்தத் தடவையும் அதேதான்.

மேலாளர் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"பாக்கெட்ல எண்பத்தஞ்சுன்னு அச்சடிச்சாச்சும்மா" என்றார் மேலாளர்.

"பாதிகூட முளைக்கல சார்."

"தக்காளி மெதுவாத்தான் வரும். வெயில் பட்டா வந்துடும்." பேனாவை நீட்டினார். "உங்க வயசுல கண்ணு ஏமாத்தறது சகஜம். கண் சரியில்லாதவங்கள அந்த மேசையில வச்சிருக்கக் கூடாதுன்னு மேல சொல்லிட்டே இருக்காங்க. நான்தான் தள்ளிப் போட்டுட்டு வரேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நானும் எண்ணியவள்தான். வாயைத் திறந்திருக்கலாம். சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எண்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். தங்கை குடியிருந்தது ஒரு மாடி வீட்டில். புருஷன், மாமியார், அவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று பேச்சு வாங்கி வாங்கி அலுத்தவள், தக்காளி நாற்று வளர்த்து விற்கலாம் என்று கிளம்பினாள். தெருமுனைப் பூச்செடிக் கடைக்காரர் ஐம்பது நாற்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஐம்பது குழி உள்ள தட்டு வாங்கி, தேங்காய் நார்த்தூள் நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றினாள். பத்து நாள் ஆகியும் பச்சையே கண்ணில் படவில்லை. அக்காவைக் கூப்பிட்டாள். "நீ விதையிலயே ஊறினவ. ஒரு எட்டு வந்து பாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனார். ஜன்னலோரம் கிடந்த பாக்கெட்டைப் புரட்டி லாட் நம்பரைப் பார்த்தார். அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஆழமா ஊனிட்ட. கால் அங்குலத்துக்கு மேல போகக் கூடாது" என்றார்.

தங்கை தட்டைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊன்றினாள். அதுவும் வரவில்லை என்றதும், தண்ணீர் அதிகம், குளிர் வேறு என்றார் அக்கா. அவள் தட்டைத் தூக்கி ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்தாள். பிளாஸ்டிக் தாளால் மூடினாள். ஊற்றுவதை விட்டுவிட்டுத் தெளித்தாள். காலையும் மாலையும் நாற்காலி மேல் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். பதினாறு நாளில் ஒன்பது வந்தது. நூல் மாதிரி வெளிறி வளர்ந்து, அதில் ஐந்து சாய்ந்துவிட்டது.

மூன்றாம் தடவை அக்கா யோசனை எதுவும் சொல்லவில்லை. தங்கையே யோசித்தாள். விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, உடம்புச் சூடு படட்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நாள் வீட்டு வேலை பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அங்கே இருந்தார். மாமியார் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டார்.

"வயித்தோட கட்டிக்கிட்டா முளைச்சுடுமா? கை ராசின்னு ஒண்ணு வேணும்டி. உன்கிட்ட எது தங்கிச்சு, இது தங்கறதுக்கு?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கையில் டீ டம்ளர் இருந்தது. அதைக் கடைசி வாய்வரைக்கும் குடித்து முடித்தார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஆய்வகத்தில் வேறொரு தக்காளி லாட்டில், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வந்த விதையில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்தார். இரண்டு வாரத்தில் மூன்றாம் தட்டும் மோசம் போனதும், ஒரு ஞாயிறு தங்கை அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துப் பாக்கெட்டில் இருந்ததைக் கொட்டிவிட்டு இதைப் போட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவ பாரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஏழாம் நாள் மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எனக்கே கேட்கும்படி கத்தினாள். "அக்கா! நாப்பத்தேழு! மூணு தடவ எண்ணிட்டேன், நாப்பத்தேழு! என் கைக்கும் ராசி வந்துடுச்சுக்கா!"

அக்கா சோற்றை மூடி வைத்துவிட்டார். சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்: கலப்பட விதை, கையெழுத்து, மாற்றிவைத்த பாக்கெட்.

தங்கை அழவில்லையாம். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அப்ப இதுவும் என் கையால வரல."

"அப்படி இல்லடி. விதை நல்லா இருந்தா யார் ஊனினாலும்..."

"அன்னைக்கு அவங்க அப்படிச் சொன்னப்ப நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் உக்காந்திருந்த."

உள்ளறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். கம்பெனி, லாட், கையெழுத்து எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை. "அதான பாத்தேன்! அக்காக்காரி கை பட்டதாலதான் முளைச்சிருக்கு" என்றாராம்.

மறுநாள் அக்கா மேலாளரிடம் போய், அந்த லாட்டைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொன்னார். இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. கதவு திறந்திருந்தது.

"எதச் சொல்றீங்க? அது வித்துத் தீர்ந்து மூணு வாரம் ஆச்சே" என்று சிரித்தார் மேலாளர். "ஒரு புகார்கூட வரலையேம்மா!"

"எப்படி சார் வரும்? தண்ணி அதிகமா ஊத்திட்டோம்னு நினைச்சிருப்பாங்க."

மேலாளர் மேசையிலிருந்த அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

தங்கை அந்த நாற்பத்தேழு நாற்றையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். மறுபடி விதை வாங்கவில்லை. குழித்தட்டுகள் பழைய சாமான்காரனிடம் போயின. சலவைக் கடை ஒன்றில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள் என்று கேள்வி. அக்கா அதே மேசையில் மேலும் நான்கு வருஷம் எண்ணினார். அதற்குப் பிறகு குறைவாக வந்த எதற்கும் கையெழுத்துப் போட மறுத்தார். அந்தத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. எனக்கு இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், நான் போட்டேன். அக்கா அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குப் போன் செய்வார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

அதற்கு மேல் பேச்சு வளராதாம்.