மூன்று பாட்டில் தண்ணீர்

மாரடைப்பு வந்த என் மனைவிக்கு ஆஞ்சியோகிராம் எடுப்பதற்கு முந்தின நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சர்க்கரையால அவங்க கிட்னி ஏற்கெனவே கொஞ்சம் அடி வாங்கியிருக்குங்க. நாளைக்கு ரத்தக்குழாய்ல ஒரு டை, சாய மருந்து, ஏத்துவோம். அது ஓடுறதைப் பாத்தாத்தான் அடைப்பு எங்கன்னு தெரியும். ஆனா அந்த டையை வெளிய தள்ளுறது கிட்னி வேலை. கஷ்டப்படும்" என்றார்.

அப்படியானால் எடுக்காமலே விட்டுவிடலாமா என்று கேட்டேன். விட்டால் அடுத்த அட்டாக் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, சில்லறைக்கும் படிக்கட்டுக்கும் சண்டை போட்டே பழகிய ஆள் நான். அன்றைக்கு யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை.

முட்டி வலி மாத்திரையை நிறுத்தினார்கள். சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார்கள். டையை முடிந்த மட்டும் குறைத்துப் போடுவதாகச் சொன்னார்கள். அந்த டை வெளியேற உடம்பில் நிறையத் தண்ணீர் வேண்டும். இதயம் பலவீனமாக இருப்பதால் டிரிப்ஸ் மெதுவாகத்தான் ஏற்ற முடியுமாம், மீதியை வாயால் குடிக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டில் மூன்று, ஆஞ்சியோ முடிந்த அன்று சாயங்காலத்துக்குள். நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று எழுதச் சொன்னார். அந்தத் தாள் கைக்கு வந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. நான் செய்வதற்கும் ஒரு வேலை இருக்கிறதே.

மறுநாள், கையில் ரத்தக்குழாய் மெலிசாக இருந்ததால் தொடை வழியாக எடுத்தார்கள். முடிந்த பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சிறுநீர் வந்தாலும் படுத்தபடியே பெட்பேனில்தான். அவளைப் படுக்க வைத்த ஹாலில் எட்டுக் கட்டில்கள், ஆணும் பெண்ணுமாக. நடுவே ஒரு திரை, அதுவும் பாதி நேரம் விலகியே கிடந்தது. எதிர்க் கட்டில் பாப்பாரப்பட்டிக்காரரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் உறிஞ்சினாள். "வெச்சிட்டுப் போங்க, நான் குடிச்சிக்கிறேன். நீங்க போயி சாப்புடுங்க" என்றாள். சாப்பிட்டு வந்து பார்த்தால் பாட்டில் காலி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தாளில் எழுதினேன். மருந்து வாங்கக் கீழே போய் வருவதற்குள் இரண்டாவது காலி. டீ குடித்து வருவதற்குள் மூன்றாவதும் காலி. "பரவால்லயே, ஒட்டகம் தோத்துடும்" என்று கிண்டல் வேறு செய்தேன். அவளும் சிரித்தாள்.

எழுந்து நடக்க விட்ட பிறகு, பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். அந்தப் பெண்ணுக்குக் கம்பைநல்லூர். திரும்பி வந்து "நல்லா போச்சுங்க, அளக்கிற டப்பாவ எடுத்துட்டுப் போவ மறந்துட்டேன்" என்றாள் என் மனைவி. 'நன்றாகப் போனது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார். "ரத்தத்துல உப்பு அளவு ரொம்ப ஏறியிருக்கே, கிட்னி சரியா வேலை செய்யல. தண்ணி குடிச்சாங்களா?" பெருமையாகத் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கம்பைநல்லூர்ப் பெண் எழுந்து வந்தாள்.

"கோச்சிக்காதீங்கண்ணா. மூணு பாட்டிலும் நான்தான் வாஷ்பேசின்ல ஊத்துனேன். அக்காதான் ஊத்தச் சொன்னாங்க. தண்ணி ஒத்துக்காது போலன்னு நெனச்சேன்."

"ஏண்டி, சாவறதுக்கா உன்ன இங்க கூட்டியாந்தேன்?" என்று கத்திவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

"கம்முனு இருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அத்தன ஆம்பளைங்க இருக்கற எடத்துல படுத்துக்கிட்டே எப்படிங்க போவேன்? வூட்டுக்குப் போயி சொம்பு சொம்பா குடிச்சிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

மாரண்டஹள்ளி மண்டியில் இருபது வருடம் தக்காளி தரம் பிரித்தவள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் கிளம்பினால் வீடு திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். என் பஸ்ஸிலும் பாலக்கோட்டில் ஏறி ஓசூரில் இறங்கும் வரை மடியிலிருக்கும் பாட்டிலைத் திறக்காத பெண்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். பெண்களுக்குத் தாகம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்த மண்டூகம் நான்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் என் பஸ்ஸில் வந்தாள். வழியில் என் அருகே வந்து, வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்று காதோடு கேட்டாள். டிரைவர் முன்னால் கெத்துக் காட்ட, "ஓசூர் வரைக்கும் அடக்கிக்க முடியாதா?" என்று சத்தமாகக் கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். சுத்தமாக மறந்திருந்த அந்த விஷயம், அந்த ஹாலில் தாளும் கையுமாக நிற்கும்போது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்தது.

தண்ணீர் குடிக்காததால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரைக் கேட்டேன். "குடிச்சிருந்தாலும் சில பேருக்கு இப்படி ஆகுமுங்க. உறுதியா சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நிச்சயமாக இதனால்தான் என்று சொல்லியிருந்தால், தலையில் அடித்துக்கொண்டாவது அழுது தீர்த்திருப்பேன்.

அந்த வாரத்திலேயே சிறுநீர் குறைந்து, பேருக்குத்தான் போனது. இப்போது வாரம் இரண்டு முறை தர்மபுரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறோம். உடம்புக்குள் போகிற தண்ணீர் வெளியே வராது, நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும், அதனால் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். காபி, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர். அளந்து ஊற்றுவது நான்தான்.

நேற்று மத்தியானம் நல்ல வெயில். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னும் ஒரு வாய் ஊத்துங்க" என்றாள். இன்றைய அளவு முடிந்துவிட்டது என்றேன்.

"தொண்ட காயுதுங்க. ஒரே ஒரு வாய்" என்றாள்.

கல்யாணமான இந்த முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்டது அதுதான் முதல் முறை. குடத்தில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. நான் ஊற்றவில்லை.