கொசுப்புழு தேடிய கொசு ஒழிப்பு மேற்பார்வையாளர்

நகராட்சியில் கொசு ஒழிப்பு மேற்பார்வையாளராக இருந்தவரை எல்லோரும் ‘புகைக்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பூந்தொட்டித் தட்டில் ஒரு வாய்த் தண்ணீர் தேங்கியிருந்தாலும் போதும், வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் ஆசையாக ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினார். நீல வால், ராஜ நடை. கடைத் தீனியை வாயில் வாங்கும், துப்பும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிறு ஒட்டிப்போன மீனைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் சோறு இறங்கவில்லை.

“உயிரோட நெளியிற கொசுப்புழு போடுங்க சார், ஒரே வாரத்துல தேறிடும்” என்றார் மீன் கடைக்காரர்.

புகைக்காரர் பாட்டிலோடு தெருத்தெருவாக அலைந்தார். எங்கும் ஒரு புழு இல்லை. தன் வேலை இவ்வளவு சுத்தமாக நடந்திருப்பதை நினைத்து வாழ்க்கையில் முதன்முறையாக வருந்தினார்.

கடைசியில் கிடைத்த இடம் அவருடைய அலுவலகத்தின் பின்புறம். ஊரையெல்லாம் சோதித்தவர்கள் அங்கே மட்டும் எட்டிப் பார்த்ததே இல்லை. பழைய லாரி டயர்களுக்குள் மழைத் தண்ணீர். அதில் கொத்துக் கொத்தாகப் புழுக்கள். மறுநாளே வீட்டு டீ வடிகட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

குனிந்து அள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். சுகாதார அதிகாரி அம்மா!

“என்ன பண்றீங்க இங்க?”

“ச... சாம்பிள் எடுக்கிறேன் மேடம்.”

அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. “சொந்த ஆபீஸையே சோதிக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்” என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கையோடு டயர்களில் மருந்தும் அடிக்கச் சொன்னார். கைதட்டலுக்கு நடுவே புகைக்காரர் மட்டும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

வேறு வழியில்லாமல் மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து மூடாமல் விட்டார். புழு வந்தது. மீன் தேறியது. மனைவிதான் கையைச் சொறிந்துகொண்டே, “ஏங்க, ஊர்ல இல்லாத கொசு நம்ம வீட்டுல மட்டும் எப்படிங்க?” என்று கேட்டாள். “காலநிலை மாற்றம்” என்றார்.

அடுத்த வாரம் சோதனைக்கு வந்தது அவரிடமே வேலை பழகிய பெண் ஊழியர். நேராக மாடி ஏறினார். வாளியைப் பார்த்தார். இறங்கி வந்து வாசல் கதவில் எச்சரிக்கை நோட்டீஸை ஒட்டினார்.

“நம்ம வீடும்மா இது!”

“தெரியும் சார். யாரா இருந்தாலும் ஒட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நோட்டீஸைப் படித்த மனைவி மாடிக்குப் போய் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் புகைக்காரர் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார். அங்கே சாக்கடை, தொட்டி, குட்டை எல்லாவற்றிலும் புழு நெளிகிறது. அந்த ஊர்க் கொசு ஒழிப்பு மேற்பார்வையாளர் வேலையே செய்வதில்லை என்று பஸ்ஸில் யாரோ திட்டியபோது இவருக்குப் பொறுக்கவில்லை.

“தங்கமான மனுஷன் அவரு. ஒரு உயிருக்குக் கெடுதல் நினைக்க மாட்டாரு” என்றார்.