மூடிய வட்டம்

அவளை எல்லோரும் ஊசிக்காரி என்பார்கள். முப்பது வருடமாகப் பச்சை குத்துகிறாள். அவர்கள் சமூகத்துப் பெண்களுக்குப் பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் முன்கையில் ஒரு புள்ளி. பிள்ளை இறந்தால் புள்ளியைச் சுற்றி வட்டம். காணாமல் போயிருந்தால் வட்டத்தில் சிறு இடைவெளி விடவேண்டும். அதற்கு வாசல் என்று பெயர். வாசல் வைத்த வட்டம் அவள் மொத்தமே மூன்றுதான் போட்டிருக்கிறாள்.

கப்பல் வேலைக்குப் போன அண்ணன் மகனிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அண்ணி புதன்தோறும் துறைமுக அலுவலகத்தில் போய் நின்றாள். ஒருநாள் தானாகவே வந்து பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"வாசலை அகலமா விடு. உன் மருமகன் கொஞ்சம் பெருத்த ஆளு."

"அவன் உடம்புக்குக் கை பூராவும் வாசல்தான் வைக்கணும், அண்ணி."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சேர்த்துக் கட்டிய மூன்று ஊசிகளைக் கரிமையில் தோய்த்துக் குத்த ஆரம்பித்தாள். கை பழகிய வழியில் போனது. ரத்தத்தைத் துடைத்தபோது வட்டம் மூடியிருந்தது.

அண்ணி அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இவளைப் பார்த்தாள்.

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இனி அண்ணி அலைய வேண்டாம் என்று உள்ளே ஒரு நிம்மதி வந்துவிட்டது. ஊசிக்காரி துணியை மடித்தாள்.

ஊசிக்காரியின் கைக்குச் சாவு முன்கூட்டியே தெரியும் என்பது அவர்களிடையே நம்பிக்கை. அடுத்த புதன்கிழமை அண்ணி போகவில்லை.

ஐந்து மாதம் கழித்து அலுவலகத்து ஆள் ஒரு பையோடு அண்ணியைத் தேடி வந்தார்.

"உங்க பையன் பேச்சு வராம வெளியூர் ஆஸ்பத்திரியில கிடந்திருக்கார்மா. எங்ககிட்ட இருந்தது பழைய விலாசம். புதன்கிழமை வருவீங்கன்னு மூணு மாசம் பார்த்தோம். போன வாரம் தவறிட்டார். அதுக்கப்புறம்தான் விசாரிச்சு இந்த வீட்டைக் கண்டுபிடிச்சோம்."

அவர் போனபின் ஊசிக்காரி குளியலறை வாசலில் நின்றாள். உள்ளே அண்ணி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கை தவறிடுச்சு, அண்ணி."

"அப்பவே தோணுச்சு. நீ சொல்லுவேன்னு உன் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சொல்லலைன்னதும் நிஜமாவே போயிட்டான்னு நினைச்சுட்டேன்."

"சொன்னா திரும்பவும் போய் நிப்பீங்களேன்னுதான்…"

"நின்னிருப்பேன்."

அண்ணி பையைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.